பானைக்குள் 21 நாள்

வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

அருப்புக்கோட்டையில் மரவேலை செய்கிற ஒருவன் எழுதும் கடிதம் இது. உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணைக்கு வந்து, நீங்கள் விஷம் எடுப்பதைச் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போன கூட்டத்தில் நானும் ஒருவன், அவ்வளவுதான். சொல்ல வேண்டிய நன்றி இரண்டு இருக்கிறது. என் சின்னம்மா இன்றைக்கும் வெற்றிலை இடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்கு ஒன்று. ஊர்ந்து போகிற உயிருக்கு இடம் கட்டுவது எப்படி என்று என் தொழிலுக்கு நீங்கள் காட்டிக்கொடுத்ததற்கு இன்னொன்று. இரண்டும் உங்கள் பானையிலிருந்து வந்தவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழி முழுக்க மானாவாரிக் காடு. கொஞ்ச தூரம் கரிசல், கொஞ்ச தூரம் செவல், நடுநடுவே கல்லாங்காடு. மழை பெய்தால் மிளகாய், மல்லி, உளுந்து, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் வேலிக்கருவை மட்டும். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைவிட மணல் கிடப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்று திருச்சுழியை வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள்; பூமிநாதர் என்று நாங்கள் சொல்லும் திருமேனிநாதரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் வேறு பிழைப்பு. வேலிக்கருவையை வெட்டி, தூரைக் கிண்டி எடுத்து, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். தூர் கிண்டுகிற இடம், விறகு அடுக்கி வைக்கிற இடம், வரப்பில் கல் புரட்டுகிற இடம் இவைதான் அவர்களுக்கு வேலைத்தலம். சுருட்டை விரியனுக்கும் அவைதான் குடியிருப்பு.

சுருட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்தில் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழம், ஒன்றரை முழம்தான் இருக்கும். மண் நிறம். மிதிக்கிற தூரத்துக்கு வந்தால்கூடக் கண்ணுக்குத் தட்டுப்படாது. உடம்பை மடித்து மடித்து, ரம்பப் பல் போன்ற செதிலோடு செதிலை உரசி ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம்தான் அது கொடுக்கும் ஒரே அவகாசம். நாகத்தின் விஷம் போல நரம்பை அடிக்காது; ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். கடித்த இடம் வீங்கும். கொஞ்ச நேரம் கழித்து ஈறில் ரத்தம் கசியும், பழைய புண் திரும்பவும் ஒழுகும். ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், நமக்கும் பயம் தெளிந்துவிடும். உள்ளே ரத்தம் தண்ணீராகிக்கொண்டிருக்கும்.

சின்னம்மாவைக் கடித்தது ஓடைக்கரையில். கட்டி வைத்த விறகைத் தூக்கக் கையைக் கொடுத்தபோது புறங்கையில் போட்டுவிட்டது. "முள்ளுத்தான் கீறிருச்சு" என்று சொல்லிக்கொண்டே வீடு வந்தவள், மகள் கொடுத்த தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பியபோது தண்ணீர் சிவப்பாக விழுந்தது. நல்லவேளை, அந்த வீட்டில் கயிற்றை எடுத்துக் கட்டவும் இல்லை, பிளேடை எடுத்துக் கீறவும் இல்லை. நேரே ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸம்மா ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் சின்னம்மாவின் ரத்தத்தை எடுத்து, ஆடாமல் நிறுத்தி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 20 நிமிஷம். அதற்குப் பிறகு குழாயை மெதுவாகச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் அப்படியே சரிந்து ஓடியது. டாக்டர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாம்புக்கடி மருந்து சின்னக் குப்பியில் வெள்ளைத் தூளாக இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் தண்ணீர் மருந்தை விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கரைத்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாகப் பத்துக் குப்பி கரைத்து டிரிப்பில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் கண்ணாடிக் குழாய், மறுபடியும் 20 நிமிஷம். இந்த முறை குழாயைச் சாய்த்தபோது ரத்தம் அசையவில்லை. அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கட்டியைப் பார்த்து நாங்கள் பட்ட சந்தோஷத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை.

காலியான குப்பி ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு பாம்பின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. நான்குக்கும் ஒரே மருந்து. கடித்தது எதுவென்று தெரியாவிட்டாலும் கொடுக்கலாம். "இது எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். குதிரையிலிருந்து என்றார் டாக்டர். பாம்பு விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் உடம்பு அதற்கு எதிராக உண்டாக்குகிற சக்தியைப் பிரித்து எடுத்து மருந்தாக்குகிறார்கள். சரி, குதிரைக்கு ஏற்றுகிற விஷம்? அதற்குத்தான் அவர் உங்கள் பெயரைச் சொன்னார். இந்தியாவில் மருந்துக் கம்பெனிகள் வாங்கும் பாம்பு விஷத்தில் பெரும்பகுதி, பல ஆண்டுகளாக, வடநெம்மேலியில் இருளர்கள் எடுத்துக் கொடுப்பதுதான் என்றார்.

அதைக் கேட்டதற்குப் பிறகுதான் நான் உங்களைப் பார்க்க வந்தேன். பாம்பையும் விஷத்தையும் பார்க்கத்தான் வந்தேன், ஆனால் என் கண் போனது பானைகள் மேல். தொழில் புத்தி.

சாதாரண மண்பானைகள், வரிசை வரிசையாக. பாதி அளவுக்கு மணல். வாயில் பருத்தித் துணியைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். உள்ளே இருப்பது என்ன பாம்பு, என்றைக்கு வந்தது என்ற விவரம் வெளியே குறித்திருந்தது. கம்பி இல்லை, கூண்டு இல்லை, கண்ணாடி இல்லை. எனக்குத் தெரிந்த கட்டுமானக் கணக்கை வைத்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன், ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை. சுட்ட மண் மூச்சு விடும். ஈரத்தை வெளியே கசியவிட்டு உள்ளே குளிர்ச்சியை வைத்துக்கொள்ளும். மணல் கழிவை உறிஞ்சும், உடம்பைப் புதைத்துக்கொள்ள இடம் கொடுக்கும். துணி காற்றை விடும், வெளிச்சத்தை விடாது. உருண்டையான சுவர் என்பதால் மூக்கை மோதி மோதிப் புண்ணாக்கிக்கொள்ள மூலை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, இருட்டு. பாம்புக்கு வேண்டியது விசாலம் இல்லை, யாரும் பார்க்காத இடம் என்பதைத் தெரிந்தவர்கள் மட்டும்தான் இப்படி ஒன்றை யோசித்திருக்க முடியும்.

கோடையில் எங்கள் கரிசல் வெடிக்கும். கை முழுக்க இறங்குகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். வெளியே நிலம் கொதிக்கும்போது அந்த வெடிப்புக்குள் குளிர்ச்சியும் இருட்டும் நெருக்கமும் இருக்கும். ஓணானும் அரணையும் பாம்பும் பகலை அங்கேதான் கழிக்கும். நீங்கள் பானைக்குள் செய்து வைத்திருப்பது அதே வெடிப்பைத்தான்.

நீங்கள் ஒரு சுருட்டையை வெளியே எடுத்ததைக் கிட்டத்தில் பார்த்தேன். துணியை அவிழ்த்து, கொக்கிக் கம்பியால் ஏந்தி எடுத்து, தலையை விரலால் பிடித்து, கண்ணாடிக் குவளையின் வாயில் பல்லைப் பதியவிட்டார் ஓர் அண்ணன். உள்ளே இறங்கியது மஞ்சளாக ஒரு துளி. அதுகூட முழுத் துளி இல்லை. காய வைத்தால் சில மில்லிகிராம்தான் தேறுமாம். அந்தக் கையில் பதற்றம் இல்லை. கோபமும் இல்லை, வீரம் காட்டுகிற தோரணையும் இல்லை. திரும்பப் பானைக்குள் விட்டபோது பாம்பு தானாகவே மணலில் சுருண்டுகொண்டது. 21 நாள் வைத்திருந்து, நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவீர்கள் என்று சொன்னார்கள். அடையாளம் எதற்கென்றால், அதே பாம்பு கொஞ்ச நாளில் திரும்பவும் கையில் சிக்கினால் தெரிய வேண்டும், அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக. சில தடவை சட்டை உரித்தால் அந்த அடையாளமும் மறைந்துவிடுமாம்.

இனி என் தொழில் கதை. கனடாவில் டொரான்டோ பக்கம் வேலை பார்க்கும் அக்கா மகன், லெப்பர்ட் கெக்கோ என்கிற பல்லி வளர்க்கிறான். அங்கே அது சாதாரணம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி போல விரலில் ஒட்டும் தட்டு அதற்குக் கிடையாது, சுவரேறாது, தரையில் நடக்கும். கண்ணை மூடித் திறக்க இமை உண்டு. கொழுப்பை வாலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதன் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்லாங்காடு, அதாவது எங்கள் காடு மாதிரியான ஒரு காடு. மூன்று பல்லிக்கு மூன்று தட்டில் ஓர் அடுக்குப் பெட்டி தானே செய்யப் போவதாகப் படம் வரைந்து அனுப்பி, "மாமா, மரக்கணக்கு சரியா பாருங்க" என்றான்.

படத்தில் நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே மூடி. பார்க்க நகைக்கடை ஷோகேஸ் மாதிரி அழகாகத்தான் இருந்தது. எனக்குப் பல்லியைத் தெரியாது. ஆனால் உங்கள் பானையைத் தெரியும். அதை மனசில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னேன். மூன்று பக்கமும் பிளைவுட் போடு, முன்பக்கம் மட்டும் சேனல் வைத்துத் தள்ளுகிற கண்ணாடி வை என்றேன். மேலே திறக்கிற மூடி கூடாது, தலைக்கு மேலிருந்து வருகிற கை அந்த உயிருக்குப் பருந்துதான். உயரம் கொடுத்து மரத்தை வீணாக்காதே, நடக்கிற பல்லிக்கு வேண்டியது தரை. ஒரு பெட்டியில் ஒன்றுதான், இரண்டு ஆணைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்று அவனே சொன்னான். பின்னால் கீழே ஒரு வரிசைத் துளை, எதிர்ப்பக்கம் மேலே ஒரு வரிசை, அப்போதுதான் காற்று உள்ளே நுழைந்து சுற்றி வெளியேறும். தேவதாரு வகை மரமே வேண்டாம், அதன் எண்ணெய் வாசனை ஊர்வனவற்றுக்கு ஆகாது. வார்னிஷ், சிலிக்கான் எதைப் பூசினாலும் வாடை முழுக்கப் போகும்வரை பல்லியை உள்ளே விடாதே.

அவனும் எனக்குத் தெரியாததைச் சொன்னான். அங்கே குளிர் என்பதால் ஒரு பக்கம் தரைக்கு அடியில் சூடு கொடுக்க வேண்டும்; சூட்டுப் பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ளப் பொந்து இருந்தால் பல்லி தனக்குத் தேவையான வெப்பத்தைத் தானே நடந்து போய் எடுத்துக்கொள்ளும். சட்டை உரிக்கிற சமயத்துக்கென்று ஈரப் பொந்து தனியாக வேண்டும். அடுக்குப் பெட்டியில் இருக்கிற சங்கடம் என்னவென்றால், கீழ்த்தட்டின் சூடு மேல்தட்டுக்கு ஏறும். அதற்காகத் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து விரற்கடை இடைவெளி விடச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனித் தெர்மோஸ்டாட் அவன் போட்டுக்கொண்டான். பெட்டி முடிந்து பல்லியை விட்ட மறுநாள் அவன் அனுப்பிய படத்தில் பல்லியே இல்லை, பொந்துதான் இருந்தது. "உள்ள தூங்குது மாமா" என்று கீழே எழுதியிருந்தான். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த உயிர்தான் அப்படித் தூங்கும்; உங்கள் பானைக்குள் சுருண்ட சுருட்டை எனக்கு அதைக் காட்டியிருந்தது.

இப்படி இடம் கட்டிக்கொடுக்காமல் ஊர்வன வளர்க்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதை உங்கள் சங்கத்து அண்ணன்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் நேரிலேயே பார்த்தவர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வீட்டு வளர்ப்புக்கென்று கொண்டுபோன பர்மிய மலைப்பாம்பு, பெட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் வெளியே விடப்பட்டும் தப்பியும், எவர்கிளேட்ஸ் சதுப்பு முழுக்கப் பெருகி அங்குள்ள முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்தது. அதைப் பிடிக்க 2017 ஜனவரியில் அவர்கள் இருவரையும் அழைத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. செய்தியில் எல்லோரும் அவர்கள் பிடித்த திறமையைப் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறு. சொந்த ஊரில் பிடித்த பாம்பை 21 நாளில் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறவர்களை, திருப்பிக் கொடுக்க வழியே இல்லாமல் போன பாம்புகளுக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் சங்கத்தின் பழைய கதையையும் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடிக்கச் சொல்லி உங்கள் பெரியவர்களிடம் வாங்கியவர்கள் கொழுத்தார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் அதே குடிசையில்தான் இருந்தார்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து, அதற்குப் பின் தோல் ஏற்றுமதியும் நின்றபோது, பாம்பு பிழைத்தது. உங்கள் பிழைப்பு நின்றுபோனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் உங்கள் பெரியவர்களும் சேர்ந்து 1978-இல் இந்தச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். கொல்லாமல் பிடிப்பது, எடுத்துவிட்டு விடுவது என்ற வழியைத் திறந்தார்கள். அதே கை, அதே தடம் பார்க்கிற கண், அதே கடப்பாரை. தடத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்கிற அறிவுக்கு இந்த நாடு 2023-இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சின்னம்மா கேசரி கிண்டினாள்.

2000 முதல் 2019 வரைக்கும் இந்தியாவில் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 58,000 உயிர். பெரும்பாலும் காட்டில் வேலை செய்கிறவர்கள், எங்களைப் போன்றவர்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இனியாவது திருச்சுழிப் பக்கம் எத்தனை கடி, எத்தனை சாவு என்று கணக்காவது கிடைக்கும். உங்கள் பக்கத்து விஷத்தில் செய்த மருந்து எங்களுக்குக் கேட்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்துச் சுருட்டைக்கு அதே மருந்து அவ்வளவாகக் கேட்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தந்த ஊர்ப் பாம்பை அந்தந்த ஊரில் வைத்து விஷம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி ஓர் இடம் எங்கே கட்டினாலும், அதற்கு வரைபடம் போடுகிறவர்கள் ஸ்டீல் கூண்டுக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால் வடநெம்மேலிக்கு வந்து உங்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போக வேண்டும். தச்சனாக இதை அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் கிடைக்க வேண்டிய அரசு அனுமதி காலத்தோடு கிடைக்க வேண்டும் என்பதையும், கடிபட்டுப் பிழைத்த குடும்பத்துக்காரனாக அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். அனுமதித் தாள் மேஜையில் கிடக்கிற நாளில் உங்கள் பானை காலி. பின்னொரு நாளில் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரி அலமாரியும் காலி.

இந்தப் பக்கத்தில் நான் செய்கிற சின்ன வேலையையும் சொல்கிறேன். எங்கள் காட்டில் கட்டாமை கிடைக்கும், முதுகில் நட்சத்திரம் போட்ட ஆமை. வீட்டில் வைத்தால் காசு சேரும் என்று எவரோ கிளப்பிவிட, அதற்குப் பெட்டி செய்து தரச் சொல்லி என் பட்டறைக்கு வருகிறார்கள். உடும்புக்கும் கேட்பார்கள். செய்து தருவதில்லை. சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லுவேன். கேட்காவிட்டால் உங்கள் கதையைச் சொல்லுவேன். உயிர் காக்கிற மருந்துக்காகப் பாம்பு பிடிக்கிறவர்களே அரசாங்கத்தில் அனுமதி வாங்கி, எண்ணி 21 நாள்தான் வைத்துக்கொள்கிறார்கள், காசு சேரும் என்று சொல்லி ஆயுசுக்கும் ஆமையை அடைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்பேன். பிடித்ததைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து சொன்னவர்களும் உண்டு.

கரிமூட்டம் போடுகிறவர்களிடமும் பேசுகிறேன். வெறுங்கையை விறகுக்கு அடியில் விடாதே, முதலில் கம்பால் புரட்டு. இருட்டினால் டார்ச் இல்லாமல் இறங்காதே. கடித்தால் கட்டாதே, கீறாதே, மந்திரிக்கப் போகாதே, அசையாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டும் வராதே. எது கடித்தாலும் அங்கே இருப்பது ஒரே மருந்து, அதில் நாலும் இருக்கிறது. அது எப்படி நாலும் இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு வடநெம்மேலியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் சங்கத்தின் பெயர் திருச்சுழி டீக்கடைகளில் இப்போது அடிபடுகிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. சின்னம்மா காட்டில் விளைந்த சம்பா வத்தலும், வறுத்து இடித்த மல்லித்தூளும் இருக்கிறது. வத்தல் காரம் கூடுதல், குழம்புக்குப் பார்த்துப் போடச் சொன்னாள். தை அறுவடை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் அங்கே இருக்கிற நாளைச் சங்கத்து முகவரியிலிருந்து ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

அன்போடும் நன்றியோடும்,
அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தச்சன்